பாட்டைக் கேட்டோம், பாடியவரைக் கேட்டோமா?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறன்று, காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு தாய் தம் மகனுடன் காத்திருந்தார். பையனுக்குப் பதினாறு வயதிருக்கும்.

“சாமி, இவன் எந்நேரமும் காதில் எதையோ செருகிக்கொண்டு வெள்ளைக்காரர் பாட்டையே கேட்டுக்கொண்டிருக்கிறான். கதவைச் சாத்தினால் திறப்பதில்லை. அந்தப் பாடகர்கள் எல்லாம் போதையில் விழுந்து அற்பாயுசில் செத்தவர்களாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பான்” என்றார் அந்தத் தாய்.

மகன் தலைநிமிர்ந்து வேறொரு கேள்வி கேட்டான். “ஃபாதர், பெரிய பாடகர்கள் இருபத்தேழு வயதில் இறந்துபோவார்கள் என்கிறார்களே, அது சாபமா?”

தாயின் அச்சத்தையும் மகனின் ஐயத்தையும் ஒரே நேரத்தில் வாசற்படியில் நின்று தீர்க்க இயலாது. எழுதிப் பதில் சொல்கிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கின் நிறைவேற்றமே இம்மாதக் கட்டுரை.

முதலில் மகனின் கேள்வி. ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரிலும், ஜானிஸ் ஜாப்ளின் அதே ஆண்டு அக்டோபரிலும், ஜிம் மாரிசன் 1971 ஜூலையிலும் மாண்டனர். கர்ட் கோபேன் 1994-லும், ஏமி வைன்ஹவுஸ் 2011-லும் மறைந்தனர். ஐவருக்கும் வயது 27. இதைக் கண்ட மக்கள் அந்த எண்ணில் ஏதோ ஒரு கேடு இருப்பதாகப் பேசத் தொடங்கினர். பிரிட்டனின் மருத்துவ இதழொன்றில் 2011-ஆம் ஆண்டு இதைக் குறித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 1956 முதல் 2007 வரை அந்நாட்டில் முதலிடம் பெற்ற இசைத்தட்டுகளை வெளியிட்ட 1,046 கலைஞர்களின் வாழ்வை ஆய்வாளர் ஆராய்ந்தனர். அவர்களுள் 71 பேர் இறந்திருந்தனர். ஆனால் இருபத்தேழாம் வயதில் சாவு தனியாக உயரவில்லை. இருபத்தைந்திலும் முப்பத்திரண்டிலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே, தம்பி, சாபம் என்று ஒன்றும் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் மற்ற மக்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இறக்கின்றனர். அம்மா, உங்கள் அச்சத்திற்கும் காரணம் இல்லாமலில்லை.

எனினும் ‘எல்லாரும் கெட்டுச் செத்தவர்கள்’ என்று ஒரே வீச்சில் தீர்ப்பிட்டுவிடலாகாது. ஜிம் ரீவ்ஸ் என்ற பெயரை நம்முள் மூத்தோர் பலர் அறிவர். 1963-இல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் பாடல்களின் இசைத்தட்டு இந்தியாவிலும் இலங்கையிலும் எத்தனையோ கிறிஸ்தவ இல்லங்களில் ஒலித்திருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது, குடில் கட்டும் மாலை வேளைகளில் அண்டை வீட்டிலிருந்து அக்குரல் மிதந்து வரும். ஆங்கிலம் புரியாமலே கேட்டுக்கொண்டிருப்போம். டெக்ஸாஸ் மாநிலத்தில் 1923-இல் பிறந்த அவர், முதலில் பேஸ்பால் விளையாட்டு வீரராக வேண்டுமென்று விரும்பினார். காயம் பட்டதால் அவ்வாசை கலைந்தது. வானொலி அறிவிப்பாளராகி, பின்பு பாடகரானார். உரத்துப் பாடும் வழக்கத்தை விட்டு, ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதைப்போல் மெல்லப் பாடினார். அதுவே அவருடைய தனிச்சிறப்பாயிற்று.

1964 ஜூலை 31 அன்று, அர்க்கன்சாவிலிருந்து நாஷ்வில் நகருக்குத் தம் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிவந்தார். உடன் வந்தவர் அவருடைய பியானோக் கலைஞர் டீன் மானுவல். ஊர் நெருங்கிய வேளையில் கடும் இடிமழையில் விமானம் சிக்கியது. இரண்டு நாள் தேடிய பின்னரே மரங்களுக்கிடையே விழுந்து கிடந்த அவ்விமானத்தையும் இருவர் உடல்களையும் கண்டெடுத்தனர். ஜிம் ரீவ்ஸுக்கு அப்போது வயது 40. இதில் மதுவும் இல்லை, மருந்தும் இல்லை, மழைதான். அவருடைய துணைவியார் மேரி, கணவர் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த பாடல்களைப் பல ஆண்டுகள் ஒவ்வொன்றாக வெளிக்கொணர்ந்தார். ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ என்னும் பாடல், பாடியவர் இறந்து ஈராண்டு கழிந்து, 1966-இல் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ஒருவருடைய உழைப்பு அவரோடு புதையாமல் காக்க, வீட்டில் அன்புள்ள ஒருவர் இருந்தால் போதும் என்பதற்கு இது சான்று.

ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒருவர் தனியே மாண்டுபோகலாம். எல்விஸ் பிரெஸ்லியின் முடிவு அத்தகையது.

மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பலோ என்னும் ஊரில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில், 1935 ஜனவரி 8 அன்று அவர் பிறந்தார். உடன் பிறந்த இரட்டைச் சகோதரன் உயிரின்றியே பிறந்தான். எஞ்சிய ஒரே பிள்ளையைத் தாய் கண்ணின் மணியாக வளர்த்தார். பெற்றோரோடு கோயிலுக்குச் சென்று கேட்ட பக்திப் பாடல்களே அச்சிறுவனின் முதல் இசைப்பள்ளி. உலகம் அவரை ஆட்டத்திற்கும் ஆரவாரத்திற்கும் அரசன் என்று கொண்டாடியது; ஆனால் அவர் பெற்ற மூன்று கிராமி விருதுகளும் பக்திப் பாடல்களுக்கே கிடைத்தவை என்பதைப் பலர் அறியார். 1958-இல் தாய் இறந்தார். அந்த இழப்பிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை என்று அருகிலிருந்தோர் கூறியுள்ளனர்.

பின்னாளில் இரவு பகலாயிற்று, பகல் இரவாயிற்று. உறங்குவதற்கு ஒரு மாத்திரை, எழுவதற்கு ஒன்று, வலிக்கு மற்றொன்று. இவை கள்ளச் சந்தையில் வாங்கியவை அல்ல. மருத்துவர் சீட்டெழுதிக் கொடுத்தவை. 1977-ஆம் ஆண்டின் முதல் எட்டு மாதங்களில் மட்டும் 10,000 வேளைக்கும் மேற்பட்ட மருந்துகள் அவர் பெயரில் எழுதப்பட்டதாக விசாரணையில் வெளிப்பட்டது. அம்மருத்துவரின் உரிமம் 1980-இல் மூன்று மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. 1981-இல் குற்றவியல் வழக்கிலிருந்து அவர் விடுதலை பெற்றார்; ஆயினும் 1990-களில் உரிமத்தை இழந்தார்.

1977 ஆகஸ்ட் 16. மறுநாள் வேறோர் ஊரில் கச்சேரி. அன்று மாலையே விமானம் ஏறவேண்டும். பிற்பகலில், மெம்ஃபிஸ் நகரிலுள்ள தம் ‘கிரேஸ்லாண்ட்’ மாளிகையின் குளியலறையில் அவர் விழுந்து கிடக்கக் கண்டனர். இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து நின்றதாக அறிவிக்கப்பட்டது. உடலில் பலவகை மருந்துகள் இருந்தமை பின்னர் தெரியவந்தது. வயது 42. ஒன்பது வயது மகள் அவ்வேளையில் அதே வீட்டில் இருந்தாள்.

அம்மாளிகையில் உறவினர் இருந்தனர், நண்பர் இருந்தனர், சம்பளத்திற்கு அமர்ந்த காவலர் இருந்தனர். அவர் உடல் வீங்குவதையும் நா குழறுவதையும் கண்டவர் பலர். சிலர் எடுத்துச் சொல்லியும் பார்த்தனர். என்றாலும் அவருடைய பாட்டை நம்பி அத்தனை பேர் பிழைத்தனர். ஆதலால் கச்சேரி மட்டும் நிற்காமல் நடந்தது.

அவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் குருவான புதிதில், கடலோரப் பங்கொன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே பாடற்குழுவில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் வேண்டாம். அவர் வாய் திறந்தால் கோயிலில் அழுகிற குழந்தையும் அமைதியாகும். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கு அவர் பாடுகிறார் என்றால் பக்கத்து ஊரார் முன்னதாகவே வந்து இடம் பிடிப்பார்கள். அவரிடம் குடிப்பழக்கம் இருந்தது. ஊருக்குத் தெரியும், பாடற்குழுவிற்குத் தெரியும், எனக்கும் தெரியும். திருவிழாவிற்கு முந்தைய நாள் அவரை அழைத்து, “நாளைக்குக் குரல் நன்றாக இருக்கவேண்டும்; இன்றைக்கு மட்டும் குடிக்காதே” என்பேன். அவரும் தலையசைப்பார். மறுநாள் அருமையாகப் பாடுவார். நான் முதுகைத் தட்டிக் கொடுப்பேன்.

நான் அப்பங்கிலிருந்து மாறுதல் பெற்று வந்த சில ஆண்டுகளில் ஈரல் கெட்டு அவர் இறந்தார். அடக்கத்திற்குச் சென்றிருந்தேன். இரண்டு சிறு பிள்ளைகள். அவருடைய மனைவி என்னைப் பார்த்து, கோபமில்லாத குரலில் சொன்னார்: “சாமி, எல்லாரும் அவருடைய குரல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டீர்கள்.”

அதற்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. நான் கவலைப்பட்டது திருவிழாவைப் பற்றி. அவர் ஏன் குடிக்கிறார், இரவில் ஏன் உறக்கமில்லை, கடன் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டறியேன். பாட்டைக் கேட்டேன், பாடியவரைக் கேட்கவில்லை.

இனி, பெற்றோர் அனைவரும் கருத்தூன்ற வேண்டிய ஒரு மரணத்திற்கு வருகிறேன். இது பெரிய மாளிகையில் அன்று, தாய் தந்தையர் வீட்டிலேயே நேர்ந்தது.

கேரன் கார்ப்பென்டர் 1950 மார்ச் 2 அன்று அமெரிக்காவில் பிறந்தவர். அண்ணன் ரிச்சர்டு பியானோவில் மேதை. தங்கைக்கு மத்தளம் கொட்டுவதில் மகிழ்ச்சி. கூடவே பாடவும் செய்தார். 1970 முதல் இவ்விருவரின் பாடல்கள் உலகெங்கும் பரவின. ஒழுக்கமான குடும்பம், அடக்கமான பிள்ளைகள், கேட்க இதமான இசை. போதைக்கும் கூச்சலுக்கும் அஞ்சிய பெற்றோர், ‘இவர்களைப்போல் இருங்கள்’ என்று தம் பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க எடுத்துக்காட்டாக அவர்கள் விளங்கினர்.

அந்தப் பெண் தம் உடல் பருமன் என்று நம்பினார். பதினேழு வயதளவில் மருத்துவர் மேற்பார்வையில் உணவைக் குறைத்தது தொடக்கம். பின்பு குறைத்தல் நிற்கவே இல்லை. 1975-இல் எடை ஏறத்தாழ 41 கிலோவாக இறங்கியது. வெளிநாட்டுக் கச்சேரிகளை நிறுத்த நேர்ந்தது. தட்டில் உள்ளதை இங்குமங்கும் ஒதுக்குவார், பிறருக்கு எடுத்து ஊட்டுவார், தாம் உண்ணார். தேவையில்லாத தைராய்டு மாத்திரைகளையும் பேதி மருந்தையும் ஏராளமாக விழுங்கினார். அனோரெக்சியா என்ற இந்த மனநோயை அக்காலத்தில் அறிந்தவர் மிகச் சிலரே. ‘சாப்பிடு’ என்று அதட்டுவதே மருந்து என எண்ணினர்.

1982-இல் நியூயார்க் சென்று சிகிச்சை பெற்றார். அங்கே நடந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலொன்றில் ஒரு செய்தி காணப்படுகிறது. சிகிச்சை அளித்தவர் பெற்றோரையும் அண்ணனையும் வரவழைத்து, ‘உன்னை நேசிக்கிறோம்’ என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டாராம். அண்ணன் சொன்னார். தாய்க்கோ அது இயலவில்லை. தங்கள் குடும்பத்தில் அப்படிப் பேசும் வழக்கமில்லை என்றாராம். அத்தாய் மகளை நேசிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். உயிராக நேசித்தார். சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவே. நம் வீடுகளில் எத்தனையில் அந்தப் பழக்கம் உண்டு? சோறு பரிமாறுவதில் காட்டுகிறோம், பள்ளிக் கட்டணம் கட்டுவதில் காட்டுகிறோம், காய்ச்சலென்றால் விடிய விடிய விழித்திருக்கிறோம். வாயால் சொல்வதற்கு மட்டும் வெட்கப்படுகிறோம்.

1983 பிப்ரவரி 4 காலை, கலிபோர்னியாவின் டௌனி நகரில் பெற்றோரின் வீட்டு மாடியில் கேரன் மயங்கி விழுந்தார். கண்டெடுத்தவர் அதே தாய்தான். பல ஆண்டுப் பட்டினியால் நலிந்திருந்த இதயம் நின்றுவிட்டது. வயது 32.

அதன்பின் நிகழ்ந்ததையும் கேளுங்கள். அந்தப் பெண்ணின் மரணச் செய்தி உலகெங்கும் பரவியபோதுதான் இலட்சக்கணக்கான பெற்றோர் அந்நோயின் பெயரையே முதன்முறையாகக் கேட்டனர். தம் மகள் உண்ண மறுப்பது பிடிவாதமன்று, நோய் என்று அறிந்தனர். பெயர் தெரிந்த நோய்க்கு மருத்துவரைத் தேடலாம் அல்லவா? அவர் குடும்பத்தார் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினர். அண்ணன் ரிச்சர்டு தாமும் தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, 1979-இல் சிகிச்சை பெற்று மீண்டவர். ஒரே வீட்டில் ஒருவர் மீண்டார்; ஒருவர் மீளவில்லை.

இன்னும் ஒருவர். ஃபிரெட்டி மெர்க்குரி. 1946-இல் சான்சிபார் தீவில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபரூக் புல்சாரா என்பது இயற்பெயர். நம் நாட்டில், மராட்டிய மாநிலத்துப் பாஞ்ச்கனியில், விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்தவர். பின்னர் இங்கிலாந்தில் ‘குயின்’ என்ற இசைக்குழுவின் பாடகராய் உலகப் புகழ் பெற்றார். எய்ட்ஸ் நோய் அவரைத் தொற்றியது. உடல் மெலியத் தொடங்கியபின்னும் பாடல்களைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். செய்தியாளர் துருவித் துருவிக் கேட்டும் நோயை வெளியிடவில்லை. 1991 நவம்பர் 23 அன்று தமக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை விடுத்தார், மறுநாள் இறந்தார். வயது 45.

ஏன் மறைத்தார் என்று கேட்கலாம். அக்காலத்தை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். 1986-இல் இந்நோய்க் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையிலேதான். அதன்பின் நாம் நடந்துகொண்ட விதம் எப்படி? நோயுற்றவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. பிணத்தைத் தொடவும் அச்சம். ‘அவன் செய்த பாவம்’ என்று நாவு கூசாமல் சொன்னவர்களுள் நாள்தோறும் செபமாலை உருட்டியவர்களும் இருந்தனர். நோய் உடலைக் கொன்றது. ஊரார் வாய் அதற்கு முன்பே ஆளைக் கொன்றது. ஒருவர் தம் நோயைச் சொல்ல அஞ்சுகிற வீடு, அவருக்கு வீடாகுமா?

1992 ஏப்ரல் 20 அன்று, இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் கூடிய அஞ்சலி இசைவிழா நடந்தது. அதன் வருவாயைக் கொண்டு அவருடைய தோழர்கள் ‘மெர்க்குரி ஃபீனிக்ஸ்’ அறக்கட்டளையைத் தொடங்கி, பல நாடுகளில் எய்ட்ஸ் ஒழிப்புப் பணிக்கு உதவினர். 1996-க்குப் பின் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவி, இந்நோயோடு நெடுங்காலம் வாழ வழி பிறந்தது. அவருக்கு அது எட்டவில்லை. எவர் பெயரைச் சொல்லத் தயங்கினார்களோ, அவர் பெயரால் நோயாளிகளுக்கு உதவி சென்றது.

வள்ளுவர் ‘எச்சம்’ என்ற சொல்லை ஆள்கிறார். ஒருவர் தக்கவரா அல்லரா என்பதை அவர் விட்டுச்சென்றதைக் கொண்டே அறியலாம் என்பது அவர் கருத்து. இப்பாடகர்கள் விட்டுச்சென்ற எச்சம் எது? கிரேஸ்லாண்ட் மாளிகை 1982 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். இசைத்தட்டுகள் இன்றும் விற்கின்றன. அவையெல்லாம் எச்சம்தான். ஆனால் எங்கோ ஒரு தாய், தன் மகள் தட்டில் சோற்றை ஒதுக்குவதைக் கண்டு, அதட்டாமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று காப்பாற்றினாரே, அதை விடப் பெரிய எச்சம் எது? அது பாடியவரால் மட்டும் உண்டானதன்று. இருப்பவர்கள் இறந்தவரிடமிருந்து கற்றுக்கொண்டதால் உண்டானது. இறந்தோரைத் தீர்ப்பிடும் பொறுப்பு நமக்கில்லை. அது இரக்கமுள்ள ஒருவரின் கையில் இருக்கிறது. கற்றுக்கொள்ளும் பொறுப்பு மட்டும் நம்முடையது.

அந்தத் தாய்க்கு இப்போது பதில் சொல்கிறேன்.

அம்மா, மகனின் காதிலிருந்து அந்தக் கருவியைப் பிடுங்கவேண்டாம். ஒரு மாலையில் அவன் அருகில் உட்கார்ந்து, “எனக்கும் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டு” என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் முழுவதும் கேளுங்கள். இந்தப் பாட்டு ஏன் பிடிக்கிறது என்று கேளுங்கள். முதல்நாள் ஒன்றும் சொல்லமாட்டான். நான்காம் நாள் சொல்வான். உறங்குகிறானா, உண்கிறானா, நண்பர்களோடு பேசுகிறானா என்று கவனியுங்கள். இவற்றில் ஏதேனும் வாரக்கணக்கில் குறைந்திருந்தால், வெட்கப்படாமல் நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனத்திற்கும் நோய் வரும். அதற்கும் வைத்தியம் உண்டு. உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் நான் உடன் வருகிறேன். ஒருமுறை வராமல் இருந்துவிட்டேன். இன்னொருமுறை அப்படி இருக்கமாட்டேன்.

தம்பி, உனக்கும் ஒன்று. இருபத்தேழு வயதை எண்ணி அஞ்சாதே. உனக்குப் பிடித்த பாட்டைக் கேள். அந்தப் பாடகர்களுள் பலர் உலகமே கேட்கப் பாடினார்கள். தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லத்தான் முடியவில்லை. உனக்கு ஏதேனும் வருத்தம் இருந்தால், அதைப் பாட்டுக்குள் ஒளித்து வைக்காதே. அம்மாவிடம் சொல். அம்மாவிடம் சொல்ல இயலாவிட்டால் பங்குக் கோயிலுக்கு வா. கதவு சாத்தியிருந்தால் மணியை அடி.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் அதே வாசலில் காத்திருப்பேன். அந்தப் பையன் எனக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.